டிக்கெட்டும் ஓர் உடன்படிக்கையே: சென்னைக்குப் போய்வரும் குடும்பங்களுக்கு ஒரு பயணப் பாடம்



இந்த இதழின் பாடம் தொழுகை, நோன்பு பற்றியது அல்ல. மறைமலை நகர் காமராஜர் ரயில் நிலையத்தின் டிக்கெட் கவுண்டரிலிருந்து தொடங்கும் பாடம். இதற்குப் போய் ஒரு கட்டுரையா என்று சிலர் நினைக்கலாம். ஏன் எழுத வேண்டியதாயிற்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் ஜமாஅத்தைச் சேர்ந்த வயதான தாயார் ஒருவர் கண் பரிசோதனைக்காக எழும்பூர் போக வேண்டியிருந்தது. வழிச் செலவுக்கு உதவி கேட்டு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். அவர் மகன் மண்ணடியில் ஒரு கடையில் வேலை செய்கிறார். மறைமலை நகரிலிருந்து கடற்கரை வரை மாத சீசன் டிக்கெட் வைத்திருக்கிறார். அந்த வாரம் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தார். "பாஸ் சும்மாதானே கிடக்கிறது, அதையே எடுத்துக்கொண்டு போங்களேன் அம்மா" என்று சொன்னவன் நான்தான். காசை மிச்சப்படுத்திக் கொடுத்ததாக ஒரு திருப்தியும் எனக்கு இருந்தது.

எழும்பூரில் இறங்கியதும் பரிசோதகர் பாஸைக் கேட்டார். அதில் ஆண் பெயர் இருந்தது. அவர் மரியாதையாகத்தான் பேசினாராம். ஆனால் சட்டப்படி பயணக் கட்டணத்தோடு 250 ரூபாய் அபராதம் போட்டார். மருந்துக்கு வைத்திருந்த பணம் அதில் போயிற்று. ரசீது எழுதி முடித்து மருத்துவமனை போய்ச் சேர்ந்தபோது சீட்டு கொடுக்கும் நேரமும் முடிந்திருந்தது. மறுநாள் அலுவலகத்துக்கு வந்து, "நீங்க சொன்னதாலதானே பாய் எடுத்துட்டுப் போனேன். அத்தனை பேர் முன்னாடி திருடி மாதிரி நின்னேன்" என்றார். பணத்தை என் கையிலிருந்து கொடுத்துவிட்டேன். தவறு என்னுடையது, அறக்கட்டளைப் பணத்தில் அதை ஈடு கட்டக் கூடாது. அவர் பட்ட தலைகுனிவை எதைக் கொடுத்து ஈடு செய்வது?

ஓதியவன், கல்லூரியும் படித்தவன் என்ற பெயர் எனக்கு உண்டு. ஆனால் கையிலிருக்கும் ஒரு பாஸ் யாருக்கு உரியது என்பதை நான் படித்துப் பார்க்கவில்லை. அதன் பிறகு படித்ததையும் விசாரித்ததையும்தான் இங்கே தருகிறேன்.

டிக்கெட் என்பது என்ன?

மதரஸாவில் ஃபிக்ஹு பாடத்தில் 'இஜாரா' என்று ஒரு பகுதி உண்டு. கூலி கொடுத்து ஒரு பயனைப் பெறும் ஒப்பந்தம் அது. வீட்டை வாடகைக்கு எடுப்பது, ஆளை வேலைக்கு வைப்பது, ஒட்டகத்தையோ வண்டியையோ பயணத்துக்கு அமர்த்துவது எல்லாம் இதில் அடங்கும். அந்த ஒப்பந்தம் செல்லுபடியாக வேண்டுமானால் என்ன பயன், எவ்வளவு, எதுவரை என்பது இரு தரப்பாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று கிதாபுகளில் படிக்கிறோம்.

ரயில் டிக்கெட்டும் அப்படிப்பட்ட ஓர் இஜாராதான். ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் அந்தச் சிறு காகிதத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. எந்த டிக்கெட்டைக் கையில் எடுத்தாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

1. இது யாருக்கு?
2. எங்கிருந்து எங்கு வரை?
3. எந்த வண்டிக்கு, எந்த வகுப்புக்கு?
4. எந்த நேரம் அல்லது எந்த நாள் வரை?

இந்த நான்குக்கும் பதில் தெரிந்தால் அபராதமும் இல்லை, அவமானமும் இல்லை. அந்தத் தாயாரின் விஷயத்தில் நான் முதல் கேள்வியைக் கேட்கத் தவறினேன். இனி வரும் எல்லாவற்றையும் இந்த நான்கு கேள்விகளை வைத்தே பார்ப்போம்.

மின்சார ரயில்

நம் பகுதிக்கு உயிர்நாடி இதுதான். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இன்று அது செங்கல்பட்டு வரையும், சில வண்டிகள் திருமால்பூர் வரையும் போகின்றன. ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்வோர் சிங்கப்பெருமாள் கோவிலில் ஏறுவார்கள். நாம் மறைமலை நகரிலோ காட்டாங்கொளத்தூரிலோ ஏறுவோம்.

சாதாரண இரண்டாம் வகுப்பு டிக்கெட் குறைந்தது 5 ரூபாய். இவ்வளவு மலிவான பயணத்தில் தவறு நேருவது பெரும்பாலும் மூன்றாவது கேள்வியில்தான்.

முதலாவது, முதல் வகுப்புப் பெட்டி. கூட்டத்தில் ஓடிப்போய் ஏறும்போது அது முதல் வகுப்பு என்பது தெரியாது. பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏறுங்கள்.

இரண்டாவது, ஏசி மின்சார ரயில். 2025 ஏப்ரலில் கடற்கரை-செங்கல்பட்டு தடத்தில் இது தொடங்கியது. தொடங்கியபோது குறைந்த கட்டணம் 35 ரூபாய், கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை 105 ரூபாய். சாதாரண டிக்கெட்டோ சாதாரண சீசன் டிக்கெட்டோ இதில் செல்லாது. கதவு திறந்திருக்கிறது, உள்ளே குளுமையாக இருக்கிறது என்று ஏறிவிடாதீர்கள்.

மூன்றாவது, விரைவு ரயில்கள். திரும்பி வரும்போது எழும்பூரிலோ தாம்பரத்திலோ செங்கல்பட்டு போகும் விரைவு ரயில் நின்றுகொண்டிருக்கும். மின்சார ரயில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு அதில் ஏறினால் டிக்கெட் இல்லாமல் ஏறியதாகவே கணக்கு.

நான்காவது, பெண்கள் பெட்டி. குடும்பத்தோடு போகும்போது எல்லோரும் சேர்ந்தே இருக்கலாம் என்று ஆண்களும் அதில் ஏறுகிறார்கள். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி அது குற்றம். ஒன்று எல்லோரும் பொதுப் பெட்டியில் ஏறுங்கள், அல்லது எந்த நிலையத்தில் இறங்குவது என்று பேசி வைத்துக்கொண்டு பிரிந்து ஏறுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை ஒன்றே போதும்: டிக்கெட் வாங்கியதும் பயணத்தைத் தொடங்கிவிடுங்கள். காலையில் வாங்கி மாலையில் ஏறலாம் என்று நினைக்காதீர்கள். அன்றே திரும்புவது உறுதியானால் போகவர ரிட்டன் டிக்கெட்டாகவே கேட்டு வாங்கலாம். மாலை நெரிசலில் வரிசையில் நிற்க வேண்டாம்.

திரும்பும்போது இன்னொன்று. கடற்கரையிலிருந்து கிளம்பும் வண்டிகளில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். பலகையில் 'செங்கல்பட்டு' அல்லது 'திருமால்பூர்' என்று இருந்தால் நம் ஊருக்கு நேரே வரும். தாம்பரம் வண்டியில் ஏறிவிட்டாலும் கவலை வேண்டாம். தாம்பரத்தில் இறங்கி அடுத்த வண்டிக்கு மாறிக்கொள்ளலாம், அதே டிக்கெட் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பராமரிப்புக்காகச் சில வண்டிகளை ரத்து செய்வதுண்டு. கல்யாணம், வலீமா என்று கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கைபேசி டிக்கெட்

கவுண்டர் வரிசையைத் தவிர்க்கத் தானியங்கி இயந்திரம் இருக்கிறது, கைபேசிச் செயலியும் இருக்கிறது. 2025 ஜூலையில் ரயில்வே 'ரயில்ஒன்' என்ற செயலியைக் கொண்டுவந்தது. முன்பதிவில்லா டிக்கெட், நடைமேடை டிக்கெட் போன்றவற்றை அதில் எடுக்கலாம்.

இதில் நம் பிள்ளைகள் செய்யும் தவறுகள் மூன்று. பரிசோதகரைக் கண்ட பிறகு வண்டிக்குள் உட்கார்ந்து டிக்கெட் எடுக்கப் பார்ப்பது ஒன்று; தண்டவாளத்துக்கு அருகில் இருக்கும்போது செயலி அதை அனுமதிக்காது. நிலையத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால்தான் அங்கே எடுக்க முடியும். மகன் தன் கைபேசியில் எடுத்து உம்மாவுக்கு அதன் படத்தை அனுப்பிவைப்பது இரண்டாவது. படம் டிக்கெட் ஆகாது, செயலியைத் திறந்து காட்ட வேண்டும். கைபேசியில் சார்ஜ் தீர்ந்துபோவது மூன்றாவது. காட்ட முடியாத டிக்கெட் இல்லாத டிக்கெட்தான். கைபேசி பழக்கமில்லாத பெரியவர்களுக்குக் கவுண்டரில் வாங்கிய காகித டிக்கெட்டே நல்லது.

சீசன் டிக்கெட்: யாருக்கு லாபம்?

மாத சீசன் டிக்கெட்டின் விலை ஏறத்தாழ 15 ஒற்றைப் பயணங்களின் கட்டணம். போகவும் வரவும் கணக்கிட்டால் எட்டு நாள் பயணத்துக்குச் சமம். மாதத்தில் பத்து நாளாவது போய்வருபவருக்கு அது லாபம். நான்கைந்து நாள் போகிறவருக்குத் தனி டிக்கெட்டே சிக்கனம்.

மூன்று மாதத்துக்கு எடுத்தால் மாதக் கட்டணத்தைப் போல 2.7 மடங்கு, ஆறு மாதத்துக்கு 5.4 மடங்கு, ஓராண்டுக்கு 10.8 மடங்கு. அதாவது மொத்தமாக எடுத்தால் பத்து சதவீதம் மிச்சம். நிரந்தர வேலையில் இருப்பவர் மூன்று மாதம் எடுக்கலாம். தொழிற்சாலைகளில் ஒப்பந்தத்தில் இருக்கும் நம் இளைஞர்களுக்கு என் யோசனை, மாதா மாதம் எடுப்பதே. வேலை எப்போது முடியும் என்று தெரியாதபோது ஓராண்டுப் பணத்தை முடக்க வேண்டாம்.

இப்போது அந்த நான்கு கேள்விகள். யாருக்கு? பெயர் எழுதப்பட்ட அந்த ஒருவருக்கு மட்டும். வாப்பாவுக்கும் இல்லை, மனைவிக்கும் இல்லை, உடன்பிறந்தவருக்கும் இல்லை. புகைப்பட அடையாள அட்டையும் கூடவே இருக்க வேண்டும். எங்கிருந்து எங்கு? அதில் எழுதிய இரு நிலையங்களுக்கு இடையே எங்கும் ஏறலாம், இறங்கலாம். எல்லையைத் தாண்டினால் கூடுதல் டிக்கெட் வேண்டும். எந்த வகுப்பு? எழுதிய வகுப்பு மட்டும். எதுவரை? கடைசித் தேதி வரை. அந்தத் தேதியைக் கைபேசியில் அலாரமாக வைத்துக்கொள்ளுங்கள். மறந்துபோய் மறுநாள் பிடிபட்டவர்கள் நம்மில் பலர்.

பாஸை இன்னொருவருக்குக் கொடுப்பது சட்டப்படியும் குற்றம். மார்க்கப்படி பார்த்தாலோ, ஒருவருக்கென்று தந்த பயனை மற்றவர் எடுத்துக்கொள்வது. ரயில்வே பொதுச் சொத்து. தனி மனிதர் ஒருவரிடம் ஐந்து ரூபாய் கடன்பட்டால் தேடிப்போய்க் கொடுத்துவிடலாம், மாப்பு கேட்கலாம். பொதுமக்கள் எல்லோருடைய ஹக்கிலும் கை வைத்தால் யாரிடம் போய் மாப்பு கேட்பது?

மாணவர்களுக்கு இலவச சீசன் டிக்கெட்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். பட்டப்படிப்பு வரை படிக்கும் மாணவியருக்கும், பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களுக்கும், வீட்டுக்கும் கல்வி நிறுவனத்துக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் இலவசம். ரயில்வேயின் சலுகைப் பட்டியலில் மதரஸா மாணவர்களையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

பொத்தேரி, தாம்பரம், குரோம்பேட்டை என்று கல்லூரிக்குப் போகும் நம் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் இதைப் பெறுகிறார்கள்? 'பஸ் செலவுக்கு முடியலை, படிப்பை நிறுத்திடலாம்னு பாக்குறோம்' என்று சொன்ன பெற்றோர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் சொல்ல எனக்கே அப்போது இது தெரிந்திருக்கவில்லை. கல்வி நிறுவனத்தின் தலைவர் உரிய படிவத்தில் சான்றிதழ் தர வேண்டும். அதைக் கொண்டுபோய் நிலையத்தில் கொடுக்க வேண்டும். படிவம் நிரப்ப நம் அலுவலகத்தில் உதவுகிறோம்.

பறக்கும் ரயில்

கடற்கரையிலிருந்து சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வழியாக வேளச்சேரி போவது இது. இதுவும் தெற்கு ரயில்வே நடத்துவதே. அதனால் மறைமலை நகர் கவுண்டரிலேயே 'திருவல்லிக்கேணி' என்று சொல்லி ஒரே டிக்கெட்டாக வாங்கலாம். வாலாஜா பள்ளிவாசலுக்கோ கஸ்தூர்பா காந்தி மருத்துவமனைக்கோ போவோருக்கு இது வசதி.

ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. 'பூங்கா' என்பது நம் தாம்பரம் தடத்தில் உள்ள நிலையம். 'பூங்கா நகர்' என்பது பறக்கும் ரயில் நிலையம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான், நடந்தே மாறலாம். ஆனால் யாராவது 'பூங்கா நகரில் இறங்கு' என்று சொல்லியிருந்தால், நம் வண்டியில் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டு கடற்கரை வரை போய்விடாதீர்கள்.

மெட்ரோ: வேறு நிறுவனம், வேறு டிக்கெட்

இதுதான் மிகப் பலர் தடுமாறும் இடம். மெட்ரோவும் ரயில்தான் என்றாலும் ரயில்வே நடத்துவதில்லை. மத்திய அரசும் தமிழ்நாடு அரசும் சேர்ந்து அமைத்த சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் நடத்துகிறது. மின்சார ரயில் டிக்கெட்டோ சீசன் டிக்கெட்டோ இங்கே செல்லாது. எந்தக் கவுண்டரில் நிற்கிறோம் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2015 ஜூன் 29-இல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே முதல் மெட்ரோ ஓடியது. இரண்டு தடங்கள் உள்ளன. நீல வழித்தடம் விமான நிலையத்திலிருந்து கிண்டி, அண்ணா சாலை, சென்ட்ரல் வழியாக விம்கோ நகர் பக்கம் போகிறது. பச்சை வழித்தடம் பரங்கிமலையிலிருந்து கோயம்பேடு, எழும்பூர் வழியாக சென்ட்ரல் போகிறது. ஆலந்தூரிலும் சென்ட்ரலிலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். அதற்குத் தனி டிக்கெட் வேண்டாம். 2020-இல் ஆலந்தூர், சென்ட்ரல், கோயம்பேடு பஸ் நிலையம் ஆகிய நிலையங்களுக்குத் தலைவர்கள் பெயர் சூட்டப்பட்டது. பலகையில் நீண்ட பெயரைப் பார்த்து இடம் மாறிவிட்டோமோ என்று பயப்படாதீர்கள்.

நம் வண்டியிலிருந்து மெட்ரோவுக்கு மாற வசதியான இடங்கள் பரங்கிமலை, கிண்டி, எழும்பூர், பூங்கா. கோயம்பேடு போவோர் பரங்கிமலையில் மாறுங்கள். அண்ணா சாலை பக்கம் போவோர் கிண்டியில் மாறுங்கள்.

மெட்ரோவில் கட்டணம் தூரத்தைப் பொறுத்து 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. டிக்கெட் எடுக்கப் பல வழிகள் உண்டு. கவுண்டரில் கியூஆர் குறி அச்சிட்ட காகிதம் வாங்கலாம். கைபேசியில் மெட்ரோ செயலியிலோ வாட்ஸ்அப்பிலோ எடுக்கலாம். 'சிங்கார சென்னை' அட்டையும் வாங்கலாம். அட்டையிலும் கைபேசியிலும் எடுத்தால் 20 சதவீதம் தள்ளுபடி.

சிங்கார சென்னை அட்டை 2023 ஏப்ரலில் வந்தது. நாடு முழுவதற்குமான பொதுப் பயண அட்டை வகையைச் சேர்ந்தது. 2025 ஜனவரி முதல் சென்னை மாநகரப் பேருந்துகளிலும் அதைக் காட்டி டிக்கெட் எடுக்கலாம். பழைய மெட்ரோ அட்டை வீட்டில் கிடந்தால் அதை நம்பிப் போகாதீர்கள். 2025 ஆகஸ்டு முதல் அதில் பணம் ஏற்றுவதை நிறுத்திவிட்டு, புதிய அட்டைக்கு மாறச் சொல்லிவிட்டார்கள்.

மெட்ரோவின் பழக்கம் ஒன்றை எல்லோரும் கற்க வேண்டும். நுழையும்போது ஒரு முறை, வெளியேறும்போது ஒரு முறை காட்ட வேண்டும். உள்ளே போனதும் காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டால் வெளியே வர வழி திறக்காது. ஓர் அட்டையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம். வாப்பா அட்டையைக் காட்டிவிட்டு, பின்னால் வரும் மகளிடம் நீட்ட முடியாது. குறித்த நிலையத்தைத் தாண்டி இறங்கினால் அங்கேயுள்ள உதவி மையத்தில் வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். இறங்கிய பிறகு உள்ளேயே வெகு நேரம் உட்கார்ந்திருந்தாலும் கூடுதல் பணம் கேட்பார்கள்.

ஒரு நாள் முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகும் அட்டை 100 ரூபாய், அதோடு திரும்பக் கிடைக்கும் முன்பணம் 50 ரூபாய் என்ற கணக்கில் மெட்ரோ வழங்கிவந்திருக்கிறது. 'வரம்பில்லாப் பயணம்' என்றதும் ஆசை வரும். கணக்குப் போடுங்கள். மிக நீண்ட பயணத்துக்கே 50 ரூபாய்தான். ஒரு முறை போய்த் திரும்பினால் 100 ரூபாய்க்கு மேல் வராது. மூன்று நான்கு இடங்களுக்கு அலைய வேண்டிய நாளில் மட்டுமே இதனால் லாபம். கட்டணங்கள் மாறக் கூடியவை. வாங்கும் அன்று கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பஸ்ஸும் 'சென்னை ஒன்று' செயலியும்

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எல்லா பஸ்ஸிலும் இல்லை, சாதாரணக் கட்டண பஸ்ஸில் மட்டும். இங்கும் மூன்றாவது கேள்விதான். ஏசி பஸ்ஸிலோ விரைவு பஸ்ஸிலோ ஏறிவிட்டு நடத்துனரிடம் வாதாட வேண்டாம். கட்டணம் இல்லாவிட்டாலும் நடத்துனர் தரும் சீட்டை வாங்கி, இறங்கும் வரை வைத்திருங்கள்.

சென்னையில் தினமும் பல பஸ் மாறி வேலை பார்ப்போருக்கு ஏசி அல்லாத எல்லா மாநகர பஸ்ஸுக்கும் 1000 ரூபாய் மாதப் பாஸ் உண்டு. ஏசி பஸ்ஸும் சேர்த்து 2000 ரூபாய்ப் பாஸ் 2025-இல் வந்தது. எப்போதாவது போகும் நமக்கு அது தேவைப்படாது.

2025 செப்டம்பர் 22-இல் 'சென்னை ஒன்று' என்ற செயலி தொடங்கப்பட்டது. பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கலாம். கிண்டியில் மீண்டும் ஒரு வரிசையில் நிற்க வேண்டாம். வீட்டில் கல்லூரி போகும் பிள்ளை இருந்தால் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அடிக்கடி போகும் இடங்கள்

சென்னை அரசு பொது மருத்துவமனை: பூங்காவில் இறங்குங்கள். சாலையைக் கடக்கும் தூரம்தான்.

எழும்பூர் கண் மருத்துவமனை, குழந்தைகள் மருத்துவமனை: எழும்பூரில் இறங்குங்கள். அந்தக் கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கப்பட்டது.

ஓமந்தூரார் அரசு மருத்துவமனை: கிண்டியில் மெட்ரோவுக்கு மாறி 'அரசினர் தோட்டம்' நிலையத்தில் இறங்குங்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலுக்கும் இந்த நிலையத்திலிருந்து போகலாம்.

விமான நிலையம்: உம்ரா போவோரை வழியனுப்ப மெட்ரோவே தேவையில்லை. திரிசூலத்தில் இறங்கினால் விமான நிலையம் எதிரே இருக்கிறது. மூட்டை முடிச்சுகள் அதிகமானால் வண்டி வைத்துக்கொள்வதே நல்லது.

பிள்ளையின் வயதும் நம் நாவும்

ரயிலில் ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் அரை டிக்கெட். பன்னிரண்டு ஆனால் முழு டிக்கெட். நகரப் பேருந்திலும் ஐந்து வயது வரை கட்டணமில்லை, அதன் பின் பன்னிரண்டு வரை அரைக் கட்டணம். மெட்ரோவில் வயதுக் கணக்கு இல்லை. பெரியவரோடு வரும் 90 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைவான குழந்தைக்கு இலவசம்.

ஏழு வயதுப் பிள்ளையை 'நாலு வயசுதான்' என்று சொல்லி அழைத்துப் போவது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. மிச்சமாவது சில ரூபாய். ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தன் வயது தெரியும். மக்தபில் உஸ்தாத் பொய் சொல்லக் கூடாது என்று ஒரு வருடம் சொல்லிக் கொடுத்ததை, டிக்கெட் கவுண்டரில் அரை நிமிடத்தில் நாமே அழித்துவிடுகிறோம். போதாக்குறைக்கு, "கேட்டா நாலு வயசுன்னு சொல்லணும்" என்று பிள்ளைக்கும் பாடம் எடுக்கிறோம். இதை மட்டுமாவது இன்றோடு விட்டுவிடுவோம்.

தொழுகை நேரம்

சென்னைக்குப் போனால் கஸ்ர் செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கஸ்ருக்கான தூரம் 48 மைல், அதாவது ஏறத்தாழ 77 கிலோமீட்டர் என்பது ஹனஃபி உலமாக்கள் சொல்லும் கணக்கு. ஷாஃபி மத்ஹபின் கணக்கு அதைவிடச் சற்றுக் கூடும். கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரையே ரயிலில் 60 கிலோமீட்டர்தான். ஆகவே நம் ஊரிலிருந்து சென்னைக்குப் போய்வருவதில் கஸ்ர் இல்லை, முழுமையாகத் தொழ வேண்டும். மாலையில் திரும்புவோர் அஸரைத் தொழுதுவிட்டே நிலையத்துக்குள் நுழையுங்கள். உங்களுக்கென்று தனிச் சூழ்நிலை இருந்தால் இமாம் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பழக்கம் எங்கும் உதவும்

துபாயில் 2009-இல் மெட்ரோ வந்தது. அங்கே 'நோல்' அட்டை. ரியாத்தில் 2024 டிசம்பரில் வந்தது. அங்கெல்லாம் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் முதல் நாளே சந்திப்பது இந்த அட்டையையும் தானியங்கிக் கதவையும்தான். ஹஜ்ஜுக்குப் போவோருக்கும் இது பொருந்தும். மினா, முஸ்தலிஃபா, அரஃபாத்தை இணைக்கும் மஷாயிர் ரயில் 2010 ஹஜ்ஜிலிருந்து ஓடுகிறது. மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே ஹரமைன் ரயில் 2018-இல் வந்தது. கிண்டியில் ஒரு முறை தைரியமாக அட்டையைக் காட்டிப் போய்வந்த உம்மா அங்கேயும் தடுமாற மாட்டார். வட மாநிலங்களிலிருந்து வந்து நம் தொழிற்சாலைகளில் உழைக்கும் சகோதரர்கள் ஜும்ஆவில் நம் பக்கத்தில் நிற்கிறார்கள். அவர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். பலகை படிக்கத் தெரியாததால் அபராதம் கட்டுவோர் அவர்களில் அதிகம்.

வீட்டில் பேசிப் பார்க்க ஐந்து கேள்விகள்

1. தம்பியின் சீசன் டிக்கெட்டில் அண்ணன் போகலாமா?
(கூடாது. பெயர் உள்ளவருக்கு மட்டும்.)

2. சாதாரண டிக்கெட் கையில் இருக்கிறது, ஏசி மின்சார ரயில் வந்து நிற்கிறது. ஏறலாமா?
(கூடாது. அதற்குத் தனி டிக்கெட்.)

3. மறைமலை நகரில் வாங்கிய டிக்கெட்டை வைத்துக் கிண்டியில் மெட்ரோ ஏறலாமா?
(கூடாது. அது வேறு நிறுவனம்.)

4. மாதத்தில் ஐந்து நாள் மட்டும் தாம்பரம் போய்வருபவர் மாதப் பாஸ் எடுக்கலாமா?
(நஷ்டம். தனி டிக்கெட் போதும்.)

5. பொத்தேரியில் பட்டப்படிப்புப் படிக்கும் மகளுக்கு என்ன உரிமை இருக்கிறது?
(இலவச மாத சீசன் டிக்கெட். கல்லூரிச் சான்றிதழ் வேண்டும்.)

இன்ஷா அல்லாஹ், வெள்ளிக்கிழமை தவிர எல்லா நாளும் அஸருக்குப் பின் மஃக்ரிப் வரை நம் அலுவலகத்தில் ஒரு தன்னார்வலர் இருப்பார். மாணவர் படிவம் நிரப்பவும், செயலியை இறக்கிக் கொடுக்கவும், தனியாகச் சென்னை போகும் பெரியவர்களுக்கு எங்கே ஏறி எங்கே மாறுவது என்று காகிதத்தில் எழுதிக் கொடுக்கவும் ஏற்பாடு செய்திருக்கிறோம். அந்தத் தாயாருக்கு அடுத்த முறை நானே அப்படி எழுதிக் கொடுத்தேன். தன் பெயரில், தன் காசில் ரிட்டன் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்வந்தார். வந்ததும் அந்த டிக்கெட்டை என் மேசையில் வைத்து, "இதைப் பாத்துக்கங்க பாய், இது என்னோடது" என்றார்.

அல்ஹம்துலில்லாஹ். நம் பயணங்களை ஹலாலான பயணங்களாகவும், நம் பிள்ளைகளை உண்மை பேசும் பிள்ளைகளாகவும் அல்லாஹ் ஆக்கித் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்